யசோதை ஓநாய்

1980-ஆம் வருஷம் அமெரிக்க சர்க்கார் ஒரு மரண அறிவிப்பு வெளியிட்டது. சிவப்பு ஓநாய் என்னும் ஜாதி காட்டில் இனி இல்லை, அற்றுப்போய்விட்டது என்பதே அதன் சாரம். இப்படிப்பட்ட அறிவிப்புகள் உலகத்துக்குப் புதிதல்ல. ஆனால் இதில் ஒரு விசித்திரம் இருந்தது. காட்டில் மிஞ்சியிருந்த கடைசி ஓநாய்களைத் தேடித் தேடிப் பிடித்துக் கூண்டில் அடைத்தவர்களும், காட்டில் ஓநாய் இல்லை என்று கையெழுத்துப் போட்டவர்களும் ஒரே இலாகாக்காரர்கள்தாம். ஏழெட்டு வருஷம் யோசித்து, தெரிந்தே செய்தார்கள். வீடு பற்றி எரிகிறபோது குழந்தைகளை வாரிக்கொண்டு வெளியே ஓடிவந்து, பிறகு தெருவில் நின்றுகொண்டு, “உள்ளே யாரும் இல்லை” என்று சொல்லுவதைப் போன்ற காரியம் அது.

அந்தக் குழந்தைகளை மறுபடியும் வீட்டில் கொண்டுபோய் விட்டார்களே, அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

சிவப்பு ஓநாய் என்றதும் முதுமலைப் பக்கத்துச் செந்நாய் சிலருக்கு ஞாபகம் வரும். அது வேறு ஜாதி. இது அமெரிக்காவின் தென்கிழக்குச் சீமையில் பிறந்து வளர்ந்த பிராணி. காதுகளுக்குப் பின்னாலும் கழுத்திலும் கால்களிலும் செம்பழுப்பு ஓடியிருக்கும். மற்றபடி பெயருக்கு ஏற்ற சிவப்பு என்று சொல்லிவிட முடியாது. எடை நாற்பத்தைந்து ராத்தலிலிருந்து எண்பது ராத்தல் வரை. வடக்கே வாழும் சாம்பல் ஓநாயைவிடச் சிறியது. மேற்கேயிருந்து வந்த கொயோட்டி என்னும் காட்டு நாயைவிடப் பெரியது. இந்தக் கொயோட்டியை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் ஊர் நரியின் சாமர்த்தியத்தையும் தெரு நாயின் ஒட்டிக்கொள்ளும் குணத்தையும் கலந்து செய்தாற்போன்ற ஜந்து. இந்தக் கதையில் அவ்வப்போது வந்து போகும்.

ஓநாயிடம் மனிதனுக்கு என்றைக்குமே நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. ஆடு நனைகிறதே என்று அழுததாக நாம் அதன்மேல் பழி போட்டிருக்கிறோம். வெள்ளைக்காரர்கள் பழி போட்டதோடு நிற்கவில்லை. தலைக்கு விலையும் வைத்தார்கள். மாஸசூஸட்ஸ் குடியேற்றத்தில் 1630-லேயே ஓநாயைக் கொன்றவனுக்குச் சன்மானம் உண்டு. அதாவது, ஊர் உருவாகிக்கொண்டிருக்கும்போதே ஓநாய்க்கு எதிராகச் சட்டம் தயார். அப்புறம் துப்பாக்கி, பொறி, விஷம். 1915 முதல் மத்திய சர்க்காரே சம்பளம் கொடுத்து வேட்டைக்காரர்களை வைத்தது. காடுகளை வெட்டி வயலாக்கினார்கள். மூன்று நூற்றாண்டு நடந்த இந்தச் சண்டையில் வெற்றி யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை. 1960-களில் டெக்ஸாஸ், லூயிஸியானா ராஜ்யங்களின் கடலோரச் சதுப்பு நிலத்தில் ஒரு சின்னத் துண்டுப் பிரதேசம்தான் ஓநாய்க்கு மிச்சம்.

அந்தச் சதுப்பு நிலம் ஓநாய்க்குப் பிடித்த இடம் என்று எண்ணிவிடக் கூடாது. அகதிக்கு அகப்பட்ட சத்திரம் அது. கொசு, ஈரம், இருதயத்தில் புழு, குடலில் கொக்கிப் புழு, தோலில் சொறி. மயிர் கொட்டிப்போன ஓநாய்கள் மாட்டுத் தரையின் ஓரங்களில் திரிந்தன. இதற்கு மேல் இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொண்டது. ஓநாய் குடும்பஸ்தன்; ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று விடாமல் சேர்ந்து வாழும். ஜாதியே அருகிப்போய், பருவம் வந்த ஓநாய்க்கு வரன் அகப்படாதபோது பக்கத்தில் கொயோட்டி இருந்தது. விளைவு ஊகிக்கக்கூடியதுதானே? 1962-இல் மக்கார்லி என்ற விஞ்ஞானி, பல இடங்களில் சிவப்பு ஓநாய் என்று நாம் நம்பிக்கொண்டிருப்பது கொயோட்டிதான் என்று எழுதினார். அதற்குப் பிறகுதான் பலர் விழித்துக்கொண்டார்கள். துப்பாக்கிக்குத் தப்பினது கல்யாணத்தில் கரைந்துகொண்டிருந்தது.

1967-இல் அருகிவரும் பிராணிகளின் ஜாபிதாவில் சிவப்பு ஓநாயையும் சேர்த்தார்கள். 1973-இல் புதிய சட்டம் வந்தது. அந்த வருஷத்திலிருந்து 1980 வரையில் அந்தக் கடலோரத்தில் நானூறுக்கு மேற்பட்ட ஜந்துக்களைப் பிடித்தார்கள். மண்டையோட்டை அளந்தார்கள், எடை பார்த்தார்கள், ஊளையிடுகிற குரலைக்கூடப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். நானூறில் 43 மட்டுமே ஓநாய் என்று தேறியது. தேறியவற்றைக் கண்டத்தின் மறுகோடிக்கு, வாஷிங்டன் ராஜ்யத்து டகோமா நகரத்து மிருகக்காட்சிசாலையின் பொறுப்புக்கு அனுப்பினார்கள். அங்கே அவற்றுக்குக் கிடைத்த இடம், மின்க் என்னும் பிராணியை உரோமத்துக்காக வளர்த்த ஒரு பண்ணை. தோலுக்காகப் பிராணி வளர்த்த இடத்தில் பிராணிக்காகவே பிராணி வளர்க்க ஆரம்பித்தார்கள். நான் இப்படி ஒரு சம்பவத்தை நாவலில் எழுதியிருந்தால், வேண்டுமென்றே பொருத்தி வைத்தது என்று விமரிசகர்கள் சொல்லியிருப்பார்கள்.

1977 மே மாதம் கூண்டில் முதல் குட்டிகள் பிறந்தன. எல்லோரும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஆனால் அந்தக் குட்டிகள் பிறந்தது வளர்வதற்கு மாத்திரமல்ல, சாட்சி சொல்வதற்கும்தான்.

அளவு பார்த்து ஓநாய் என்று தீர்மானித்த தாயும் தகப்பனும் உண்மையிலேயே ஓநாய்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இன்றைக்கு ஒரு துளி ரத்தம் போதும். அன்றைக்கு அந்த வித்தை கைவரவில்லை. ஆகவே குட்டிகள் வளரட்டும் என்று காத்திருந்தார்கள். வளர்ந்த குட்டியின் முகத்தில் கொயோட்டியின் சாயல் எட்டிப் பார்த்தால் குட்டியும் தள்ளுபடி. அதைப் பெற்றவர்களும் தள்ளுபடி. பிள்ளையின் மூக்கைப் பார்த்துப் பாட்டியின் நடத்தையை முடிவு செய்கிற கிராமத்துக் கிழவிகளை நான் பார்த்திருக்கிறேன். இவர்கள் விஞ்ஞானிகள், அளவுகோல் வைத்திருந்தார்கள். காரியம் ஏறக்குறைய ஒன்றுதான். 43-இல் 17 மிஞ்சியது. அவற்றிலும் மூன்று வாரிசு தரவில்லை. கடைசியில் நின்றவை பதினான்கு. அந்தப் பதினான்கும் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவாக இருந்தபடியால், எட்டு ஓநாய்க்குச் சமானமான வம்ச வளம்தான் அவற்றில் இருந்தது என்று பின்னால் கணக்குப் பார்த்தவர்கள் சொன்னார்கள். இன்று உலகத்தில் சிவப்பு ஓநாய் என்று பதிவேட்டில் எழுதப்பட்ட ஒவ்வொன்றும் அந்தப் பதினான்கின் சந்ததி.

அந்த நிலைமையில் அவர்கள் வேறு என்ன செய்திருக்க முடியும் என்றும் எனக்குத் தோன்றுகிறது. கண்ணெதிரே ஒரு ஜாதி கரைந்துகொண்டிருக்கிறது. சல்லடையைச் சற்றுத் தளர்த்திப் பிடித்தால் கொயோட்டியும் உள்ளே வந்துவிடும். இறுக்கிப் பிடித்தால் ஓநாயும் வெளியே போய்விடும். இறுக்கிப் பிடித்தார்கள். வெளியே போனது என்ன என்பது நாற்பது வருஷம் கழித்துத் தெரிந்தது. 2018-இல் டெக்ஸாஸ் கடலோரத்தில் கால்வெஸ்டன் என்ற தீவில் திரியும் கொயோட்டிகளின் மரபணுவைச் சோதித்தபோது, அதில் சிவப்பு ஓநாயின் அம்சம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் கொஞ்சம், கூண்டிலிருக்கும் ஓநாய்களிடம்கூட இல்லாத பழைய அம்சம். கலப்பு என்று ஒதுக்கிய கூட்டத்தில் குலதனம் பத்திரமாக இருந்திருக்கிறது!

சிவப்பு ஓநாய் தனி ஜாதியே அல்ல, சாம்பல் ஓநாயும் கொயோட்டியும் சேர்ந்த கலப்புதான் என்று 1991-லிருந்தே ஒரு கட்சி வாதாடி வந்தது. விஷயம் புஸ்தகத்தோடு நிற்கிறதா? தனி ஜாதி இல்லையென்றால் சட்டத்தின் காவலும் ஆட்டம் கண்டுவிடும். 2019-இல் அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகங்களின் குழு ஒன்று ஆராய்ந்து, தனி ஜாதி என்றே கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னது. ஓநாய்களுக்கு இந்த வழக்கு நடந்ததே தெரியாது.

நிற்க. கூண்டில் குட்டி பிறந்தாயிற்று. அதைக் காட்டுக்கு எப்படித் தயார் செய்வது?

இங்கேதான் குட்டி வளர்ப்பதைப் பற்றி நமக்குள்ள எண்ணமெல்லாம் தலைகீழாகிறது. புட்டிப் பால் கொடுத்து, மடியில் வைத்துக் கொஞ்சி வளர்த்த ஓநாய் மனிதனைக் கண்டு ஓடாது. ஓடாத ஓநாய் அமெரிக்காவில் அதிக நாள் உயிரோடு இருக்காது. ஆகையால் வளர்ப்பவர்களுக்கு முதல் கட்டளை: பிரியம் காட்டாதே. கூடியவரை கண்ணிலேயே படாதே. குட்டியைத் தாயே வளர்க்கட்டும். நீ தீனியை வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இரு. பிராணிகளிடம் ஆசை இருப்பதனாலேயே அந்த உத்தியோகத்துக்கு வந்த ஒருவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. அவன் வேலையில் கெட்டிக்காரன் என்பதற்கு அடையாளம், ஓநாய் அவனைக் கண்டு நடுங்குவது.

1976 டிசம்பரில் ஒத்திகை பார்த்தார்கள். தென் கரோலினாவில் கேப் ரொமேய்ன் என்ற வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்த புல்ஸ் தீவில் ஒரு ஜோடியை அவிழ்த்து விட்டார்கள். பதினொரு நாள்தான் அது நடந்தது. 1978-இல் வேறொரு ஜோடியை விட்டபோது ஒன்பது மாதத்துக்குக் கிட்ட நீடித்தது. கழுத்துப்பட்டையிலிருந்து வரும் ரேடியோ சமிக்ஞையைக் கொண்டு இரவு பகலாகப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். கூண்டுக்கு வெளியே ஓநாய்க்கு ஓநாயாக இருக்கத் தெரிகிறதா என்பதுதான் பரீட்சை. தெரிந்தது.

பிற்காலத்தில் இந்தத் தீவே பள்ளிக்கூடமாயிற்று. 1987 முதல் புல்ஸ் தீவிலும், பிறகு மிஸிஸிப்பியின் ஹார்ன் தீவிலும், ஃப்ளாரிடாவின் செயின்ட் வின்ஸென்ட் தீவிலும் ஜோடிகளைக் குடியமர்த்தினார்கள். குட்டிகள் அங்கே பிறந்து, தாய் தகப்பனோடு வேட்டையாடிப் பழகி, வயசு வந்ததும் பிடிபட்டுப் பெரிய காட்டுக்கு அனுப்பப்படும். சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் படிப்பை விட்டு ஓடிப்போக வழியில்லை. புல்ஸ் தீவின் மேல் 1989 செப்டம்பரில் ஹ்யூகோ புயல் பாய்ந்து மரங்களைச் சாய்த்துப் போட்டது. அதற்கு அப்புறமும் 2005 வரையில் பள்ளிக்கூடம் நடந்தது.

பெரிய காட்டைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டமாயிற்று. கென்டக்கி, டென்னஸி எல்லையில் ஒரு பிரதேசத்தைக் குறித்தார்கள். அங்கே எதிர்ப்பு பலமாக இருந்ததனால் 1984-இல் கைவிட வேண்டியதாயிற்று. அதே வருஷம் அதிருஷ்டம் வேறு திசையில் வந்தது. வட கரோலினாவில் ப்ருடென்ஷியல் இன்ஷூரன்ஸ் கம்பெனி தன்னிடமிருந்த ஏறக்குறைய 1,18,000 ஏக்கர் நிலத்தை சர்க்காருக்குத் தானமாகக் கொடுத்தது. மூன்று பக்கம் தண்ணீர் சூழ்ந்த தீபகற்பம், சேறும் புதருமான காடு, ஜனங்கள் சொற்பம், எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் காலத்தில் அங்கே கொயோட்டி கிடையாது. நடுவில் விமானப் படையும் கப்பல் படையும் குண்டு போட்டுப் பழகுகிற மைதானம் ஒன்று இருந்தது. அலிகேட்டர் ரிவர் வனவிலங்குச் சரணாலயம் என்று அதற்குப் பெயர். முதலை ஆறு என்று வைத்துக்கொள்ளலாம்.

1986 நவம்பரில் நான்கு ஜோடிகள் வந்து இறங்கின. உடனே திறந்து விட்டுவிடவில்லை. காட்டுக்குள்ளேயே வேலியடைத்து, மாதக்கணக்கில் அந்த மண்ணின் வாசனைக்குப் பழக்கினார்கள். 1987 செப்டம்பர் 14-ஆம் தேதி முதல் ஜோடியின் கதவு திறந்தது. அடுத்த வசந்தத்தில், 1988-இல், காட்டில் குட்டிகள் பிறந்தன. கூண்டில் பிறந்த தாய் காட்டில் பெற்ற குட்டிகள். மாமிசபக்ஷிணி ஒன்று காட்டில் அற்றுப்போனது என்று எழுதப்பட்ட பிறகு மறுபடி காட்டில் குடியேறியது அதற்கு முன் நடந்திராத காரியம். விடப்பட்ட ஓநாய்களில் பல, மோட்டார் வண்டியில் அடிபட்டும் நோயிலும் சண்டையிலும் மாண்டன. குட்டிகள்தாம் கணக்கை ஈடு செய்தன.

1991-இல் டென்னஸிப் பக்கத்து கிரேட் ஸ்மோக்கி மலையிலும் இதே முயற்சி நடந்தது. அங்கே குட்டிகள் பிறந்தன. பெரும்பாலானவை முதல் வருஷத்தைத் தாண்டவில்லை. நோய், பட்டினி, கொயோட்டி. 1998-இல் முடித்துக்கொண்டார்கள்.

இனிமேல் நான் சொல்லப்போவது இந்தச் சரித்திரத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

சிவப்பு ஓநாய் வருஷத்துக்கு ஒரு தடவைதான் குட்டி போடும். கர்ப்ப காலம் இரண்டு மாதம். ஏப்ரல், மே மாதங்களில் பிரசவம். காட்டிலும் அதே சமயம்; மிருகக்காட்சிசாலைகளிலும் அதே சமயம். கூண்டில் பிறந்த குட்டியை வளர்த்துப் பெரியதாக்கிக் காட்டில் விட்டால் அது திண்டாடுகிறது. பிறந்த உடனேயே காட்டுத் தாயிடம் ஒப்படைத்துவிட்டால் என்ன என்று ஒருவருக்குத் தோன்றியது. 2002-இல் செய்து பார்த்தார்கள்.

காரியம் நடக்கிற விதம் இது. வசந்த காலத்தில், ரேடியோ பட்டை கட்டிய பெண் ஓநாய் அங்குமிங்கும் போகாமல் ஓரிடத்திலேயே தங்கினால், அங்கே பிரசவமாகியிருக்கிறது என்று பொருள். சரணாலயத்து ஆட்கள் முள்ளும் கொடியுமான புதருக்குள் தவழ்ந்து போவார்கள். தாய் எதிர்த்து நிற்காது, விலகிப் போய்விடும். குட்டிகளை எடுத்து, ஒரு சொட்டு ரத்தம் பார்த்து, தோலுக்கடியில் அரிசி மணியளவு அடையாளச் சில்லு ஒன்றைச் செலுத்துவார்கள். அதே வயசுள்ள மிருகக்காட்சிசாலைக் குட்டி பெட்டியில் வந்து சேர்ந்திருக்கும். பதினான்கு நாளுக்கு மேற்பட்ட குட்டி உதவாது. கண் திறந்து உலகத்தைப் பார்ப்பதற்குள் காரியம் முடிய வேண்டும். வந்த குட்டியையும் வீட்டுக் குட்டிகளையும் ஒன்றாகப் போட்டுத் தேய்ப்பார்கள். ஒன்றின் மூத்திரம் ஒன்றின்மேல் படும். எல்லாவற்றுக்கும் ஒரே வாசனை. பிறகு பொந்திலே வைத்துவிட்டு மனிதர்கள் மறைந்துவிட வேண்டியதுதான்.

நடுராத்திரியில் யமுனையைக் கடந்து, தூங்குகிற யசோதையின் பக்கத்தில் பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பின வசுதேவர் ஞாபகம் வரவில்லையா? அங்கே ஒரு குழந்தையை வைத்து ஒரு குழந்தையை எடுத்துக்கொண்டு போனார். இங்கே எடுப்பதில்லை, வைப்பதோடு சரி. யசோதை திரும்பி வந்து மோந்து பார்க்கிறாள். நான்கு குட்டியாக இருந்தது ஐந்தாகவோ ஆறாகவோ இருக்கிறது. அவள் எண்ணிப் பார்ப்பதில்லை போலும். அல்லது எண்ணியும் பேசாமல் இருக்கிறாளோ என்னவோ. ஆள் வந்துபோன இடம் ஆபத்து என்று எண்ணி, குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு வேறு பொந்துக்குக் குடி மாறுவது ஓநாயின் வழக்கம். அப்போது சுவீகாரக் குட்டியையும் விட்டுவிடாமல் தூக்கிக்கொண்டு போகிறாள்.

இப்படிக் குடிபுகுந்த குட்டிகள் வளர்ந்து, காட்டில் ஜோடி சேர்ந்து, தாங்களும் குட்டி போட்டிருக்கின்றன. கூண்டில் பிறந்த குட்டிக்கு மனிதனால் கற்றுக்கொடுக்க முடியாத பாடத்தையெல்லாம் அந்தத் தாயும், முந்தின வருஷத்து அக்காள் அண்ணன்மாரும் சேர்ந்து கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். ஓநாய்க் குடும்பத்தில் மூத்த பிள்ளைகள் இளையவர்களைப் பார்த்துக்கொள்வது வழக்கம்.

இதற்குள் கொயோட்டி தீபகற்பத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது. பழைய கல்யாணப் பிரச்னை மறுபடி தலைகாட்டியது. 1999 வாக்கில் ஒரு வேடிக்கையான யுக்தி செய்தார்கள். கொயோட்டியைக் கொன்றால் வேறு கொயோட்டி அந்த இடத்துக்கு வரும். ஆகவே பிடித்து, குட்டி பிறக்காதபடி ஆபரேஷன் செய்து, அதே இடத்தில் திரும்ப விட்டார்கள். அது தன் எல்லையைக் காத்துக்கொண்டு மற்றக் கொயோட்டிகளை விரட்டும். ஓநாய் வருகிற நாளில் இடத்தைக் காலி செய்துவிடும். வாரிசில்லாத வாடகைக்காரரை வைத்து வீட்டைக் காப்பாற்றுகிற தந்திரம்! அது நன்றாகவே வேலை செய்தது. 2000-க்குப் பிந்தின வருஷங்களில் காட்டு ஓநாய்களின் எண்ணிக்கை நூறைத் தாண்டிற்று.

அப்புறம் சரிவு. கொயோட்டி என்று நினைத்தோ, தெரிந்தேயோ, துப்பாக்கிகள் ஓநாயைச் சுட்டன. அந்திமங்கலில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. நிலச் சொந்தக்காரர்கள் சிலருக்கு ஓநாய் வந்ததே பிடிக்கவில்லை. அவர்களைக் கேட்டு யாரும் கொண்டுவந்து விடவில்லை என்ற அவர்கள் மனத்தாங்கலிலும் நியாயம் இல்லாமலில்லை. 2015-இல் இலாகாவே புதிதாக ஓநாய் விடுவதை நிறுத்திவிட்டது. சுவீகாரமும் நின்றது. வழக்குகள் நடந்தன. 2019, 2020, 2021 ஆகிய மூன்று வருஷம் காட்டில் ஒரு ஓநாய்க் குட்டிகூடப் பிறக்கவில்லை. 2020 வாக்கில், கழுத்துப்பட்டையோடு அறியப்பட்ட காட்டு ஓநாய்கள் பத்துக்கும் குறைவு. முப்பது வருஷப் பாடு மறுபடியும் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. வித்தியாசம் ஒன்றுதான்: கூண்டுகளில் இரு நூறுக்கு மேல் இருந்தன.

நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2021-லிருந்து மறுபடி ஓநாய்களை விட ஆரம்பித்தார்கள். 2022 ஏப்ரலில் ஒரு பொந்தில் ஆறு குட்டிகள் இருந்தன. 2018-க்குப் பிறகு காட்டில் பிறந்த முதல் ஈற்று அதுதான்.

ஓநாய்க்கு இன்று பெரிய சத்துரு துப்பாக்கி மாத்திரமல்ல. சரணாலயத்துக்கு நடுவே 64-ஆம் நம்பர் நெடுஞ்சாலை போகிறது. கோடையில் கடற்கரைக்குப் போகிறவர்களின் கார்கள் அதில் இரவெல்லாம் ஓடும். 2024-இல் ஒரு தகப்பன் ஓநாய் அங்கே வண்டியில் அடிபட்டுச் செத்தது. பால் குடிக்கிற குட்டிக்குத் தகப்பன் எதற்கு என்று கேட்கலாம். தாய் பொந்தை விட்டு நகராத நாட்களில் வேட்டையாடிக்கொண்டு வந்து போடுவது தகப்பன். அந்தக் குடும்பத்தின் ஐந்து குட்டிகளும் பிழைக்கவில்லை.

அந்த வருஷம் டிசம்பரில், பிராணிகள் கடந்து போவதற்கு அந்தச் சாலைக்கு அடியில் வழிகள் கட்ட மத்திய சர்க்கார் இரண்டரைக் கோடி டாலர் ஒதுக்கியதாக அறிவிப்பு வந்தது. அதற்கு முன்பே ஓநாய்களின் கழுத்தில் ஆரஞ்சு நிறப் பட்டை கட்டியிருந்தார்கள். கார் விளக்கின் வெளிச்சம் பட்டால் அது பளிச்சென்று தெரியும்.